நகைப்பைத்தியங்கள் சார்பாக

நேற்றிலிருந்து எல்லாரும் பகிரும் அந்த நிதி ஆலோசகரின் காணொளியை நானும் பார்த்தேன். தங்கம் செத்த முதலீடாம், எங்கள் பெண்களுக்கு நகைப்பைத்தியமாம். மண்டபமே சிரிக்கிறது.

ஐயா, 2022இல் எந்த நாட்டில் இருந்தீர்கள்?

அந்த மார்ச் தொடக்கத்தில் இலங்கையில் டொலர் 203 ரூபா. மே மாதம் 360. வங்கியில் பத்து இலட்சம் வைத்திருந்தவரிடம் 4,900 டொலர் பெறுமதி இருந்தது. மே மாதம் அது 2,800 கூட இல்லை. புத்தகத்தில் மட்டும் அதே பத்து இலட்சம், வடிவாக அச்சடித்தபடி. தங்கப் பவுண் விலையோ டொலரோடு சேர்ந்து ஏறியது. இவ்வளவுதான் நான் சொல்ல வருவது.

என் வீட்டுக்காரர், இவருடைய நிலையான வைப்பை உடைத்தால் வட்டி போய்விடும் என்று தொடவே விடவில்லை. போனது என் காப்பு. அடகு பிடிக்கும் பொடியன் உரைகல்லில் ஒரு இழுப்பு இழுத்து, ஒரு துளி அமிலம் விட்டு, கோடு அழிகிறதா என்று பார்த்தான். அழியவில்லை. பால்மாவும் மண்ணெண்ணெயும் அந்தக் காசில்தான் வந்தன. எனக்கு முன்னால் நின்ற அன்ரி தாலிக்கொடியைக் கழற்றி, சேலைத் தலைப்பால் துடைத்துக் கொடுத்தா.

"அக்கா, விலைவாசி மாதத்துக்கு 50 சதவீதம் ஏறினால்தான் அது மிகைப் பணவீக்கம்" என்று ஒரு தம்பி வருவார். சரி தம்பி. எங்களுக்கு அந்த செப்டெம்பரில் ஆண்டுக்கு 70 சதவீதத்துக்குக் கிட்டத்தான். மிச்சமும் ஏறும்வரை பிள்ளைகளைப் பட்டினி போட்டிருக்கலாம், தெரியாமல் போச்சு.

மலாயாவில் வேலை பார்த்த எங்கள் தாத்தாவின் பெட்டியில் போரில் அந்த நாட்டைப் பிடித்த ஜப்பான்காரன் அடித்த, வாழைமரம் போட்ட நோட்டு இன்னும் கிடக்கிறது. பத்து டொலர். 1945இல் ஜப்பான் சரணடைந்ததோடு அது வெறும் கடதாசி. ஆச்சியின் அட்டியலுக்கு அப்படி ஒன்றும் நடக்கவில்லை.

தங்கமும் விழும் என்பீர்கள். ஓம், 2013இல் விழுந்தது. செய்கூலி போகும். போகட்டும். களவு போகும் என்றால், 1995இல் போருக்குள் யாழ்ப்பாணத்து வலிகாமத்தை விட்டு ஊரோடு நடந்தபோது அம்மா இடுப்பில் கட்டிக்கொண்டு போனது எதை? காணியையா?

பிள்ளையின் படிப்புக்கு, தம்பியின் வெளிநாட்டுப் பயணத்துக்கு, அண்ணனின் கடைக்கு என்று வாங்கிப்போய், மீட்காமல் ஏலத்தில் விட்ட நகைகளுக்கு எந்த ஆலோசகர் கணக்கு வைத்திருக்கிறார்? கேட்டு வாங்கும்போது பைத்தியம் என்று ஒருத்தரும் சொன்னதில்லை.

காப்பை மீட்கும்வரை வட்டி கட்டியதும் நான்தான். வைப்பு முதிர்ந்ததும் இவர் பெரிய டீவி வாங்கினார். திட்டுவதென்றால் உள்பெட்டிக்கு வராமல் இங்கேயே திட்டுங்கள், இவரும் வாசிக்கட்டும்.