பாசி எடுக்கிற அம்மா இல்லத்தரசியாம்!

மறுபடியும் ஒரு கணக்கெடுப்பு வந்துவிட்டுப் போயிருக்கிறது. வீடு, போக்குவரத்து, பொருளாதாரம் மூன்றிலும் மக்கள் கருத்தைக் கேட்டுத்தான் இனி எங்கள் ராமநாதபுரம் கடற்கரைப் பகுதிக்குத் திட்டம் போடுவார்களாம். கேட்டார்கள். எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பொழுது ஏறும்வரை கேட்டார்கள். கேட்டுவிட்டு, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கடலில் மூழ்கிக் கடற்பாசி எடுக்கிற என் அம்மாவை 'இல்லத்தரசி' என்று பதிந்துவிட்டுப் போய்விட்டார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

வந்தவன் சின்னப் பையன். அவன் மேல் எனக்குக் கோபமில்லை, வெயிலில் வதங்கிப்போய் வந்தான், அம்மாதான் மோர் கொடுத்து உட்கார வைத்தாள். கோபமெல்லாம் அவன் கையில் அந்த டேப்லெட்டைக் கொடுத்து அனுப்பியவர்கள் மேல்தான். முதல் கேள்வி, தொழில். விவசாயி, கூலி, அரசு வேலை, தனியார் வேலை, வியாபாரம், இல்லத்தரசி, மற்றவை. கடற்கரை ஊருக்கு வந்திருக்கிறாயே தம்பி, கடல் எங்கே என்று கேட்டேன். "மீனவர்னு கீழ ஒண்ணு இருக்குண்ணே, ஆனா அதைத் தொட்டா படகு நம்பர் கேக்கும்" என்றான். பாசி எடுக்கிறவளுக்கு ஏது படகு நம்பர்? சரி, 'மற்றவை' போடு என்றேன். அதைத் தொட்டால் ஒரு கட்டம் திறக்கிறது, அதில் இங்கிலீஷில்தான் அடிக்க வேண்டும். அடித்துப் பார்த்தான், சிவப்பாகி நின்றது. திரும்ப அடித்தான், திரும்பச் சிவப்பு. கடைசியில் அம்மா பக்கம் திரும்பி, "அம்மா, நீங்க வீட்டு வேலையும் பாப்பீங்கல்ல?" என்றான். "பாக்காம? சோறு யாரு ஆக்குறது?" என்றாள் அம்மா. அவ்வளவுதான். இல்லத்தரசி.

விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்துப் பாறை இடுக்கில் கைவிட்டுப் பறிக்கிற வேலை அது. அம்மாவின் உள்ளங்கையைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்தப் பையனே மோர்ச் செம்பை வாங்கும்போது பார்த்திருப்பான். ஆனால் அதற்கு அவனிடம் கட்டம் இல்லை.

அடுத்தது மாத வருமானம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் வற்றுகிற நாட்களில்தான் பாசிக்குப் போவார்கள், கச்சான் காற்று எழுந்துவிட்டால் அதுவும் இல்லை. தீவுப் பக்கம் போகவும் முடியாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் 1986இல் தேசியப் பூங்காவாக அறிவித்த பிறகு, எங்கள் அப்பத்தா தங்கிப் பாசி எடுத்த இடத்தில் அம்மா கால் வைத்தால் வனத்துறை விரட்டுகிறது. இதையெல்லாம் அம்மா பொறுமையாகச் சொன்னாள். பையன் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "ஒரு நம்பர் மட்டும் சொல்லுங்கம்மா, இல்லேன்னா அடுத்த பக்கம் போகாது" என்றான். வாய்க்கு வந்த ஒரு நம்பரைச் சொன்னாள். இனி அதுதான் இந்தக் கடற்கரைப் பெண்களின் சராசரி வருமானத்தில் போய்ச் சேரும், அதை வைத்துத்தான் யாராவது திட்டம் போடுவார்கள்.

அப்புறம் அப்பாவிடம் வந்தான். வீட்டிலிருந்து வேலை செய்யும் இடத்துக்கு எவ்வளவு தூரம்? "மீன் எங்க கெடக்கோ அங்க" என்றார் அப்பா. எந்த வாகனத்தில் போவீர்கள்? நடை, சைக்கிள், பைக், பேருந்து, ரயில், கார். நாட்டுப்படகு இல்லை, வல்லம் இல்லை. ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரைக்கு என்று தயாரித்த கேள்வித்தாளில் படகு ஒரு வாகனம் இல்லை! தயாரித்தவர் இந்தப் பக்கம் ஒரு நாளாவது வந்து நின்றிருப்பாரா?

ரயில் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று ஒரு கேள்வி. 2022 டிசம்பரில் பாம்பன் பழைய பாலத்தில் ரயிலை நிறுத்தினார்கள், புதுப்பாலம் 2025 ஏப்ரல் 6ஆம் தேதிதான் திறந்தது. அதுவரை மண்டபத்தில் இறங்கி, மூட்டை முடிச்சோடு பஸ்ஸுக்கு நின்ற சனத்திடம் நட்சத்திரம் கேட்கிறார்கள். பரமக்குடியிலிருந்து ராமநாதபுரத்துக்கு 46.7 கிலோமீட்டர் நான்குவழிச் சாலைக்கு 1,853 கோடி ரூபாய் என்று 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. வரட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவே இல்லை. ஆனால் அந்தச் சாலையில் ஏறுவதற்கு எங்கள் மீன் முதலில் ஊரை விட்டு வெளியே வர வேண்டும். விடியக் கருக்கலில் ஏலம் முடிகிறது, முதல் பஸ் அதற்கு வெகுநேரம் கழித்து வருகிறது. மகளிருக்குக் கட்டணம் இல்லாத பஸ்தான், மறுக்கவில்லை. அந்த நேரத்துக்கு வராத பஸ்ஸில் கட்டணம் இல்லாமல் இருந்து என்ன செய்ய? கூடை தூக்குகிற பெண்கள் அன்றைய லாபத்தை ஆட்டோவுக்குக் கொடுக்கிறார்கள்.

வீட்டுக் கேள்விக்கு வந்ததும் அப்பாவுக்கே குரல் உயர்ந்துவிட்டது. 'அடுக்குமாடிக் குடியிருப்பில் குடியேற விருப்பமா? ஆம், இல்லை.' "வலைய எங்க காயப் போடுறது? கருவாட்ட எங்க காயப் போடுறது? ராத்திரி காத்து திரும்புனா படகப் போய் யாரு பாக்குறது?" என்று அவர் கேட்கிறார், பையன் 'ஆம்' மேல் விரலை வைத்துக்கொண்டு நிற்கிறான். எங்களுக்கு வீடும் போக்குவரத்தும் பிழைப்பும் தனித்தனி இல்லை ஐயா. படகு கரையில் கிடப்பதால்தான் வீடு கரையில் இருக்கிறது. வீட்டை உள்ளே தள்ளினால் படகு போச்சு, படகு போனால் பிழைப்பு போச்சு. மூன்றையும் மூன்று பக்கமாகப் பிரித்துவிட்டுத் தனித்தனியாக ஆம், இல்லை கேட்டால் வருகிற எந்தப் பதிலும் பொய்தான்.

சட்டமும் இப்படித்தான் அளக்கிறது. 2019 கடலோர ஒழுங்குமுறை அறிவிப்பின்படி, கிராமப்புறக் கடற்கரையில் 2011 கணக்கெடுப்பில் சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் இருந்தால் கட்டடம் கூடாத எல்லை 50 மீட்டர், அதற்குக் குறைந்தால் 200 மீட்டர். தலையை எண்ணி மணலை அளக்கிறார்கள். வலை காயப் போடுகிற மணலுக்கும் படகு ஏற்றுகிற துறைக்கும் யாரிடமும் பட்டா கிடையாது, அதனால் வரைபடத்தில் அது காலி இடம். 2023 ஆகஸ்டில் கடலோர மாவட்டங்களில் இந்த அறிவிப்புக்கான வரைவு வரைபடத்துக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தபோது மீனவர்கள் கத்தியது இதைத்தான், எங்கள் ஊரையும் மீன் இறக்குகிற இடத்தையும் வரைபடத்தில் காணோம் என்று. கருத்து கேட்பதற்கு முன்னால் ஊர் இருக்கிறது என்றாவது தெரிந்திருக்க வேண்டாமா?

கடைசியில் ஓடிபி. "மெசேஜ் வந்துச்சாம்மா, அந்த நாலு நம்பரச் சொல்லுங்க." சொன்னதும் பச்சை டிக். உங்கள் கருத்துக்கு நன்றி என்று திரையில் வந்தது, அதுவும் இங்கிலீஷில். அம்மாவுக்கு வாசித்துக் காட்டவே எனக்கு மனசு வரவில்லை.

இவ்வளவு கேட்டவர்கள் தண்ணீரைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. ராமநாதபுரம் மாவட்டத்தில்! காவிரித் தண்ணீர் குழாயில் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, தள்ளுவண்டியில் குடத்தை அடுக்கிக்கொண்டு அலைகிற ஊர் இது. அம்மா அந்தப் பையனுக்கு வருமானக் கணக்கு சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் தண்ணி லாரி தெருமுனையில் வந்து நின்று திரும்பியும் போய்விட்டது. முன்பெல்லாம் ரெண்டு ஹார்ன் அடிப்பார்கள், பாதிச் சமையலில் இருந்தாலும் ஓடிவிடலாம். இப்போது வருகிற டிரைவர் அதையும் அடிப்பதில்லை. காசு கொடுத்துத்தானே ஐயா வாங்குகிறோம், ஒரு ஹார்ன் அடித்தால் என்ன குறைந்துவிடும்?