4 ஜிபி கார்டு எல்லாம் ஒன்றுதானா?

"கிராபிக்ஸ் கார்டில் எத்தனை ஜிபி என்று மட்டும் பாருங்கள். 4 ஜிபி ஜிடி 730 போட்டாலே ஜிடிஎக்ஸ் 1650 மாதிரி கேம் ஓடும், விலையும் குறைவு" என்று ஒரு யோசனை சுற்றி வருகிறது. இது தவறு.

ஜிபி என்பது கார்டில் எவ்வளவு தரவு வைக்கலாம் என்பதற்கான அளவு. வேகத்தை முடிவு செய்வது சிப்பும், நினைவகத்திலிருந்து தரவு வந்து சேரும் வேகமும்தான். 2014இல் வந்த ஜிடி 730இல் பரவலாக விற்கும், டிடிஆர்3 என்ற பழைய நினைவகமும் 64 பிட் அகலத் தரவுப் பாதையும் கொண்ட வகையை எடுத்துக்கொள்வோம். அதில் 384 கோர்கள் (சிப்பில் கணக்குப் போடும் சிறு அலகுகள்). நொடிக்குச் சுமார் 14 ஜிபி தரவு நகரும். 2019இல் வந்த ஜிடிஎக்ஸ் 1650இல் 896 கோர்கள், நொடிக்கு 128 ஜிபி. பெட்டியில் என்னவோ இரண்டுக்கும் அதே 4 ஜிபி! அந்த நினைவகம் நிரம்பும் அளவுக்குக் கேமின் பட அமைப்புகளைக் (செட்டிங்ஸ்) கூட்டினால் ஜிடி 730 எப்போதோ திணறிப் போயிருக்கும்.

இன்னொன்று, இந்த வகை ஜிடி 730 சேர்ந்த கெப்லர் என்ற சிப் தலைமுறைக்குப் புதிய கேம்களுக்கான டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) தருவதை, அதைத் தயாரிக்கும் என்விடியா 2021இலேயே நிறுத்திவிட்டது. அலுவலகக் கணினியில் இரண்டாவது மானிட்டர் மாட்டவா? சரி, தாராளமாக வாங்கலாம்.

கையில் காசு குறைவென்றால் ரைசன் 5 5600ஜி போன்ற, உள்ளேயே கிராபிக்ஸ் உள்ள புராசஸர் வாங்குவதே மேல். ஜிடி 730ஐ விட நன்றாகவே ஓடும். ஆனால் 16 ஜிபி ரேமை ஒரே குச்சியாக வாங்காமல் இரண்டு 8 ஜிபியாகப் போடுங்கள். இரண்டு குச்சி இருந்தால் தரவு வேகமாக வரும்; அந்தக் கிராபிக்ஸ் ரேமின் வேகத்தை நம்பித்தான் ஓடுகிறது.