108 தேங்காயும் ஒரு வீடியோவும்

சென்ற தைப்பூசத்துக்கு முதல் நாள் ரதம் வரும் வழியில் 108 தேங்காய் உடைத்தேன். மகளுக்காக வைத்திருந்த வேண்டுதல். பினாங்குக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கோவில் வீட்டிலிருந்து முருகன் ரதம் கிளம்பினால் தண்ணீர்மலைக் கோவிலுக்குப் போகும் வழியெல்லாம் தேங்காய்க் குவியல்தான்.

தேங்காய் ஓடு உடைந்தால் ஆணவம் உடைகிறது என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன் நான். அன்று எண்ணி எண்ணி உடைத்தேன். அறுபதைத் தாண்டும்போது கண் பக்கத்துக் குவியலுக்குப் போனது. ஆயிரத்துக்குக் குறையாது. பின்னால் ஒரு பேனர், அதில் டத்தோ பட்டம் வாங்கிய ஒரு பிரமுகர் சிரித்துக்கொண்டிருந்தார். சட்டென்று என் 108 சப்பென்று ஆகிவிட்டது. அடுத்த வருடம் 1,008 உடைத்தால் எத்தனை ரிங்கிட் ஆகும் என்று அங்கேயே கணக்குப் போட்டேன். ரதம் என்னைத் தாண்டிப் போனது சரியாக நினைவில்லை.

இரண்டு நாள் கழித்து மச்சான் எடுத்த வீடியோவைப் பார்த்தேன். என் முதுகுக்குப் பின்னால் ஒரு சீனப் பாட்டி. கையில் மூன்று ஊதுபத்தி, ஒரே ஒரு தேங்காய். நான் நகர்வேன் என்று காத்திருக்கிறார். நான் நகரவில்லை. கடைசியில் ஓரமாகப் போய்க் குனிந்து உடைத்து, கும்பிட்டுவிட்டுப் போகிறார். அவர் அங்கே நின்றதே எனக்குத் தெரியாது.

ஆணவம் என்றதும் நமக்குத் திமிர்தான் நினைவுக்கு வரும். அவனுக்குத் தலைக்கனம், எனக்கு இல்லை, அப்புறம் என்ன. சைவ சித்தாந்தத்தில் அந்தச் சொல்லுக்கே வேர் அணு. விரிந்து நிற்க வேண்டிய உயிரை அணுவளவுக்குக் குறுக்குகிற மலம், அதாவது உயிரைப் பற்றியிருக்கும் அழுக்கு. அன்று நான் என் குவியலின் அளவுக்குத்தான் இருந்தேன். 14ஆம் நூற்றாண்டில் சைவ சித்தாந்த ஆசிரியர் உமாபதி சிவம் தம் திருவருட்பயன் நூலில் இன்னும் ஒரு படி போகிறார்: இருட்டு மற்றதையெல்லாம் மறைத்தாலும் தான் இருப்பதைக் காட்டிவிடும்; ஆணவம் தன்னையும் காட்டாது. எனக்கு அதைக் காட்ட மச்சானின் கைப்பேசி வேண்டியிருந்தது.

முத்தியில்கூட ஆணவம் அழியாது, அதன் வலிமைதான் அடங்கும் என்கிறார்கள் சித்தாந்திகள். அதைப் போய் ரோட்டோரத்தில் கால் மணி நேரத்தில் தீர்த்துவிடப் பார்த்திருக்கிறேன்!

உடனே தேங்காயைத் திட்டுகிறவர்கள் இதைப் பிடித்துக்கொண்டு வரவேண்டாம். வீணாகிறது என்பது நியாயமான பேச்சு, ஆனால் அது தனிப் பேச்சு. "நான் எல்லாம் உடைப்பதே இல்லை" என்று ஒருவர் மூன்று கூட்டங்களில் சொல்லக் கேட்டிருக்கிறேன். மூன்றிலும் மைக்கை அவரிடமிருந்து பிடுங்கத்தான் வேண்டியிருந்தது.

இந்த வருடம் ஒரு தேங்காய் போதும் என்று வீட்டில் சொன்னேன். மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டாள்: "சரி, ஒண்ணுதான் உடைச்சேன்னு எத்தனை பேர்கிட்ட சொல்லப் போறீங்க?"

என் நட்பு வட்டத்தில் 1,400 பேர் இருக்கிறீர்கள்.