மேட்டில் ஓட்டிப் பார்க்க விடாத காரை எங்கள் தலையில் கட்டாதீர்கள்

இலங்கை மலையகத்தில் அட்டன், தலவாக்கலை, வெலிமடை, பண்டாரவளை, எந்தப் பக்கம் போய்ப் பழைய கார் பார்த்தாலும் ஒரே பல்லவி. "அண்ணே, டொக்டர் ஓட்டுன வண்டி. ஒரு வேலையும் இல்ல. பெட்ரோல் அடிச்சி ஓட்டுறதுதான் பாக்கி." சரி தம்பி, ஒரு மேட்டில் ஏற்றிப் பார்ப்போமா என்று கேளுங்கள், முகம் மாறிவிடும். பெட்ரோல் இல்லை, முதலாளி ஏசுவார், இன்னொரு பார்ட்டி அட்வான்ஸோடு வந்துகொண்டிருக்கிறது. கடைசியில் டவுனுக்குள் தட்டை ரோட்டில் ஒரு சுற்று. அதோடு விலை பேச உட்கார வேண்டுமாம்.

தட்டை ரோட்டில் எந்த வண்டிதான் ஓடாது? நாங்கள் வாங்குவது றம்பொடை ஏறவும் கினிகத்தேனை இறங்கவும். பிள்ளைகளையும் வயசான அம்மாவையும் பின் சீட்டில் வைத்துக்கொண்டு, மழையில், பனிமூட்டத்தில் ஓட்டப்போகிற வண்டி. அதை அந்த ரோட்டிலேயே ஓட்டிப் பார்க்க விடமாட்டேன் என்றால், அங்கே என்ன நடக்கும் என்று விற்பவருக்குத் தெரிந்திருக்கிறது என்றுதான் அர்த்தம்.

யாருடைய காசு இது? முப்பது வருஷம் கொழுந்து பறித்த அம்மாவின் சேமலாபக் காசு. ஒரு டீச்சர் சம்பளத்தை வைத்து எடுத்த வங்கிக் கடன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்குத் திறந்துவிட்டும், வரியைச் சேர்த்துப் பார்த்தால் புது வண்டிப் பக்கம் நம்மால் தலைவைத்துப் படுக்க முடியாது. பத்து வருஷம் ஓடிய சுசுகி ஆல்டோவுக்கு, அது புதிதாக வந்தபோது விற்றதைவிடக் கூட விலை கேட்கிறார்கள். அந்த விலையை வாங்கிக்கொண்டு கோளாறை மறைத்தும் கொடுப்பதுதான் பொறுக்க முடியாதது.

இந்தப் பக்கம் அதிகம் நடக்கிற வேலை, இஞ்சின் சூடாவதை மறைப்பது. ஏற்றத்தில் வண்டி மெதுவாகப் போகும், இஞ்சின் முழுப் பலத்தில் வேலை செய்யும், ரேடியேட்டருக்குக் காற்று போதாது. ரேடியேட்டர் பாதி அடைத்திருந்தால் அரை மணி நேர ஏற்றத்தில் இஞ்சின் சூட்டைக் காட்டும் முள் மேலே போய்விடும். அதைச் சரியாகத் திருத்தக் காசு செலவாகும் என்று தெர்மோஸ்டட்டை, அதாவது இஞ்சின் சூடாகும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் மூடிவைத்திருக்கும் வால்வை, கழற்றி எறிந்துவிடுகிறார்கள். கூலிங் ஃபேனை நேராக வயர் கொடுத்துச் சாவி போட்டதுமே சுற்ற வைக்கிறார்கள். டவுனுக்குள் ஓட்டினால் முள் அசையாது.

கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. விடியற்காலையில், வண்டியை யாரும் ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் போங்கள். போனெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் நாளைக்கு வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். ஆறிய இஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் நிறமான கூலன்ட் (இஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) இருக்க வேண்டும். துருப்பிடித்த தண்ணீர் இருக்கக் கூடாது. மூடியைப் போட்டு, ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டரின் மேல் ஹோஸைப் பிடித்துப் பாருங்கள். தெர்மோஸ்டட் இருந்தால் ஹோஸ் பல நிமிஷம் குளிராகவே கிடந்து, பிறகு திடீரென்று சூடாகும். ஆரம்பத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறினால் தெர்மோஸ்டட் இல்லை, அல்லது திறந்தபடி இறுகிவிட்டது. ஸ்டார்ட் செய்த சில நிமிஷத்திலேயே, சூடு ஏறும் முன்பே, ஹோஸ் கல்லுப்போல இறுகினால் ஹெட் கேஸ்கட் (இஞ்சினின் மேல் பாகத்துக்கும் கீழ்ப் பாகத்துக்கும் நடுவிலுள்ள அடைப்புத் தகடு) போயிருக்கிறது.

நுவரெலியா 1868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காலைக் குளிரில் எந்த வண்டியும் வெள்ளைப் புகை விடும், அது நீராவி. இஞ்சின் சூடானதும் நின்றுவிடும். நிற்காமல் வந்து இனிப்பு வாடையும் அடித்தால் கூலன்ட் எரிகிறது. நீலப் புகை என்றால் ஒயில் எரிகிறது. ஒயில் மூடிக்கு அடியில் கொஞ்சம் வெண்ணெய் மாதிரி ஒட்டியிருந்தால் உடனே பயப்பட வேண்டாம். குறுகிய தூரமே ஓடும் வண்டிக்குக் குளிர் ஊரில் அப்படி வரும். ஒயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் கம்பியிலும் பால் தேநீர் நிறம் இருந்தால்தான் ஆபத்து.

அடுத்தது கியர்பொக்ஸ். இதில் ஏமாந்தால் வண்டி விலையில் நல்லதொரு பங்கு போகும். மெனுவல் வண்டியென்றால் தட்டையான இடத்தில் ஹேண்ட்பிரேக்கை இறுக்கி, மூன்றாம் கியரில் போட்டு, கிளச்சை மெதுவாக விடுங்கள். இஞ்சின் நிற்க வேண்டும். நிற்காமல் ஓடினால் கிளச் தேய்ந்துவிட்டது. சிவிடி, அதாவது கியர்களுக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் ஓட்டோ கியர்பொக்ஸ், உள்ள வண்டியை நாலு பேரை ஏற்றிக்கொண்டு இருபது நிமிஷமாவது தொடர்ந்து மேட்டில் ஏற்ற வேண்டும். ஆர்பிஎம் (இஞ்சின் சுற்று வேகம்) ஏறுகிறது, வண்டியின் வேகம் ஏறவில்லை. மெதுவாகப் போகும்போது உதறுகிறது. ஊளைச் சத்தம் கேட்கிறது. இதில் ஒன்று இருந்தாலும் விட்டுவிடுங்கள். சூடான பிறகு ரிவர்ஸ் போட்டு மேட்டில் ஏற்றிப் பாருங்கள். சிவிடிக்குள் சாதாரண கியர் ஒயிலை ஊற்றி விற்கும் கொடுமையும் நடக்கிறது. அதற்கென்று உள்ள ஒயிலை ஊற்றாவிட்டால் பெல்ட் வழுக்கித் தேயும். எப்போது, எந்த ஒயில் மாற்றினீர்கள் என்று பில்லோடு கேளுங்கள்.

சுசுகி வேகன் ஆரை "ஃபேமிலி கார்" என்று கூவி விற்கிறார்கள். 660 சிசி, டர்போ இல்லாததற்கு 52 குதிரைவலு, ஜப்பானில் நாலு பேருக்கென்று கட்டிய வண்டி. இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு டவுன் ஓட்டத்துக்கு நல்லது. ஆறு பேரையும் பொதியையும் ஏற்றிக்கொண்டு தினமும் ஏற்றம் ஏறினால் சிவிடி தாங்காது. ஹொண்டா ஃபிட் ஹைபிரிட், ஜிபி5 மாடல், தட்டை ஊரில் அருமையாக ஓடும். ஆனால் அதிலுள்ள ஏழு கியர் இரட்டைக் கிளச் கியர்பொக்ஸ், மேட்டில் டிரஃபிக்கில் ஊர்ந்தால் சூடாகி எச்சரிக்கை காட்டும். புதிதாக வந்த காலத்தில் ஜப்பானிலேயே திரும்பத் திரும்பத் திருத்தத்துக்கு அழைத்த மாடல் அது. டொயோட்டா அக்வா வாங்கினால் ஹைபிரிட் பெட்டரியைப் பாருங்கள். உள்ளே 20 தொகுதிகள் உண்டு. செத்துப்போன இரண்டு மூன்றை மட்டும் மாற்றி, எச்சரிக்கை லைட்டை அணைத்து விற்றுவிடுகிறார்கள். சில மாதத்தில் மற்றவை போகும். ஏற்றத்தில் சார்ஜ் கோடுகள் மளமளவென்று இறங்கி, இறக்கத்தில் மளமளவென்று நிறைந்தால் பெட்டரி சத்திழந்துவிட்டது.

பட்ஜெட் இடம் கொடுத்தால் ஐந்து பேர் வீட்டுக்கு 1500 சிசி டொயோட்டா கொரோலா 121தான் இன்றைக்கும் என் முதல் தெரிவு. சாதாரண நாலு கியர் ஓட்டோ, டைமிங் செயின், எந்தக் கராஜிலும் தெரிந்த இஞ்சின். பழசு என்று முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். அதைவிடக் குறைந்த காசுக்கு 998 சிசி ஆல்டோ கே10 மெனுவல். ஆல்டோ 800ஐவிட மேட்டில் எவ்வளவோ மேல்.

பிரேக்கில் விளையாடுபவர்களை மன்னிக்கவே முடியாது. பிரேக் ஒயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 என்ற வகை பிரேக் ஒயில் புதிதாக இருந்தால் 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியது 140 அளவிலேயே கொதிக்கும். நீண்ட இறக்கத்தில் அது கொதித்தால் ஆவி உண்டாகி, பெடல் தரைக்குப் போய்விடும். நானுஓயா ரதெல்ல குறுக்கு ரோட்டின் செங்குத்து இறக்கத்தைத் தெரிந்தவர்களுக்கு இதன் பயங்கரம் புரியும். ஒயில் கறுப்பாக இருந்தால், இரண்டு வருஷத்துக்கு மேல் மாற்றாதிருந்தால், வாங்கிய அன்றே மாற்றுங்கள். இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது ஸ்டீயரிங் நடுங்கினால் டிஸ்க் கோணியிருக்கிறது. டயரின் பக்கத்தில் 2319 என்று நாலு இலக்கம் இருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. கறுப்பு பொலிஷ் அடித்துப் பளபளக்கும் டயரில் அந்த இலக்கத்தைத் தேடிப் பாருங்கள், பலருக்கு நெஞ்சு பதறும்.

"இந்தக் குளிருல ஏசி எதுக்கு அண்ணே?" என்று சொல்லி ஏசி வேலை செய்யாத வண்டியைத் தள்ளுவார்கள். மழையில் நாலு பேர் மூச்சுவிட்டால் முன் கண்ணாடி மூடிக்கொள்ளும். உள்ளே இருக்கும் ஈரத்தை இழுத்து அதைத் தெளியவைப்பது ஏசிதான். இங்கே அது பாதுகாப்புச் சாமான்.

2025 நவம்பர் டித்வா புயலுக்குப் பிறகு, வெள்ளத்தில் நின்ற வண்டி கைமாறுகிறதா என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது. சீட் பெல்ட்டை முழுதாக இழுங்கள், அடி நுனியில் சேற்றுக்கறை இருக்கும். ஸ்பெயார் வீல் குழி, சீட்டுக்கு அடித் தண்டவாளம், டேஷ்போர்டுக்குக் கீழ் வயர் முனைகள் எல்லாவற்றையும் டோர்ச் அடித்துப் பாருங்கள். மீட்டர் குறைத்தது பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை: அதில் காட்டும் கிலோமீட்டர் கணக்கை நம்பி ஒரு ரூபாவும் கூட்டிக் கொடுக்க வேண்டாம். சாவி போட்டதும் இஞ்சின் லைட் எரிந்து பிறகு அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் பிடுங்கியிருக்கிறார்கள். வண்டியின் கம்பியூட்டரை ஸ்கேன் போடும்போது பழைய கோளாறுகளைப் புதிதாக அழித்திருக்கிறார்களா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் மெக்கானிக்கை நீங்களே கூட்டிப் போங்கள், விற்பவர் காட்டும் கராஜுக்குப் போகாதீர்கள். கையிலுள்ள காசு முழுவதையும் விலையாகக் கொடுத்துவிடாமல் பத்தில் ஒரு பங்கை ஒயில், பிரேக், டயர், பெட்டரிக்கு ஒதுக்குங்கள். சேஸி நம்பரையும் இஞ்சின் நம்பரையும் கண்ணால் பார்த்துப் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். அதில் லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால், கடன் முடிந்த கடிதம் கைக்கு வரும்வரை காசு பேச வேண்டாம். கையெழுத்து மட்டும் போட்ட வெற்றுப் படிவத்தை நீட்டி, "பேப்பர் ஓப்பனா இருக்கு, நீங்களே மாத்திக்கலாம்" என்பார்கள். பதிவுப் புத்தகத்தில் பெயருள்ளவர் அடையாள அட்டையோடு நேரில் வந்து கையெழுத்துப் போடட்டும். வரமாட்டார் என்றால் அட்வான்ஸ் என்று ஒரு சதம்கூடக் கொடுக்காதீர்கள்.