முதலில் ஸ்டேஷன் கேமராவைக் காட்டுங்கள்

அக்கா மகன் விஷயமாக ஞாயிற்றுக்கிழமை எழுதியதைப் படித்திருப்பீர்கள். மறுபடி முழுக்கச் சொல்லப் போவதில்லை. இரவு வண்டிச் சோதனையில் அவனைப் போலீஸார் நிறுத்தினார்கள். லைசென்ஸ், ஆர்.சி. எல்லாம் சரியாக இருந்தது. அப்புறம் போனை வாங்கி, லாக்கை எடுக்கச் சொல்லிப் பார்த்தார்கள். "இவ்வளவுதானே, இதற்கு ஒரு பதிவா" என்று சிலர் கேட்டிருந்தார்கள். நான் மதிக்கும் ஓர் அண்ணன், "தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம்?" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்த ஒரு வரிதான் இரண்டு நாளாக என்னைத் தூங்கவிடவில்லை.

அன்று எழுதாமல் விட்டதை இப்போது சொல்கிறேன். அந்தக் காவலர் கேலரியைத் திறந்து விரலால் தள்ளிக்கொண்டே போயிருக்கிறார். எங்கள் அம்மா இறந்த அன்று எடுத்த படங்கள் அதில் இருந்தன. நடுவீட்டில் கிடத்தியிருந்த உடல், தலைமாட்டில் முடி கலைந்து உட்கார்ந்திருந்த என் அக்கா. "இது யாரு?" என்று கேட்டிருக்கிறார். "எங்கம்மா சார்" என்று நடுரோட்டில் நின்று பதில் சொல்லியிருக்கிறான், 19 வயதுப் பையன். இப்போது வெளியே கிளம்பும் முன் படங்களை அழித்துவிட்டுப் போகிறான். அவன் செய்த தப்பு என்ன அண்ணா?

நான் சொல்ல வருவது ஒன்றுதான். அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ அவர்தான் திறந்து காட்ட வேண்டும். போன் திறக்க வேண்டியவன் அவன் அல்ல.

சாத்தான்குளத்தை இதற்குள் மறந்துவிட்டோமா? 2020 ஜூன் 19. ஊரடங்கு நேரம் தாண்டிக் கடையைத் திறந்து வைத்திருந்தார்கள் என்பதுதான், போலீஸ் அடித்ததில் இறந்துபோன அந்தத் தந்தை, மகன் மீது சொல்லப்பட்ட குற்றம். ஸ்டேஷனில் கேமரா இல்லாமல் இல்லை. ஒரு டெராபைட் ஹார்டு டிஸ்க்கும் இருந்தது. ஆனால் அன்றன்றைய பதிவு அன்றன்றே அழிந்துபோகும்படி அமைத்து வைத்திருந்தார்கள் என்று விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் உயர் நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுத்தார். ஹெல்மெட் இல்லாமல் நாம் சிக்னலைத் தாண்டினால் நம்பர் பிளேட்டோடு படம் வீட்டுக்கு வருகிறது. உள்ளே இரண்டு பேரை அடித்த இரவு மட்டும் பதிவாகவில்லை.

அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம், எல்லா ஸ்டேஷன்களிலும் வாசல், லாக்கப், வராண்டா, இன்ஸ்பெக்டர் அறை வரை கேமரா வேண்டும், குரலும் பதிவாக வேண்டும், 18 மாதம் சேமித்து வைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. 2025 செப்டம்பரில் அதே நீதிமன்றம், ஸ்டேஷன்களில் கேமரா ஏன் வேலை செய்யவில்லை என்று தானாகவே முன்வந்து வழக்கு எடுக்க வேண்டி வந்தது. உச்ச நீதிமன்றம் சொல்லியே திறந்து காட்டாதவர்களிடம் ஒரு கல்லூரிப் பையன் மட்டும் உடனே திறந்து காட்ட வேண்டும். இதைத்தானே சொல்கிறீர்கள்?

திருப்புவனம் அஜித்குமாரையும் நினைத்துப் பாருங்கள். 2025 ஜூன். மடப்புரம் கோயில் காவலாளி. காரில் வைத்திருந்த நகை காணவில்லை என்று ஒரு புகார். எஃப்.ஐ.ஆர். கூடப் போடாமல் போலீஸ் தனிப்படை அழைத்துப் போய் அடித்ததில் இறந்துபோனார். உடலில் 44 காயங்கள். நமக்கு எப்படித் தெரிந்தது? ஒருவர் மறைந்து நின்று தன் செல்போனில் எடுத்த வீடியோவால். அரசாங்கக் கேமராவால் இல்லை. அந்த மனிதர் எவ்வளவு நடுங்கிக்கொண்டு எடுத்திருப்பார்!

"எல்லா போலீஸும் அப்படியா?" என்று கேட்பீர்கள். இல்லை. சாத்தான்குளத்தில் நடந்ததை மாஜிஸ்திரேட்டிடம் சொன்னவர் அதே ஸ்டேஷனின் பெண் தலைமைக் காவலர்தான். அவர் மேல் எனக்குக் கடவுள் அளவுக்கு மரியாதை. ஆனால் உண்மையைச் சொன்ன பிறகு அவருக்கே பாதுகாப்புக் கொடுக்க வேண்டியிருந்தது. யாரிடமிருந்து பாதுகாப்பு என்று யோசியுங்கள். வேலைப்பளு, விடுப்பு இல்லை, குடும்பத்தைப் பார்க்க முடியவில்லை என்பதெல்லாம் உண்மைதான். அதைப் பற்றித் தனியாக எழுதலாம். அடிவாங்கியவனிடம் அதைச் சொல்லக் கூடாது.

சரி, போலீஸை விடுங்கள். தங்கை கதைக்கு வருகிறேன். ஆரி வேலை செய்கிறாள், பிளவுஸ் தைக்கிறாள். ஆர்டர் எல்லாம் ஒரு சமூக ஊடகப் பக்கத்தில்தான் வரும். போன ஆடியில், கல்யாண சீசனுக்கு முன்னால், அந்தப் பக்கம் திடீரென்று மூடப்பட்டது. "சமூக விதிமுறைகளுக்கு எதிரானது" என்று ஒரு வரி. எந்த விதி, எந்தப் படம் என்று ஒன்றும் இல்லை. முறையீட்டுப் பொத்தானை அழுத்தினாள், அதே வரி திரும்ப வந்தது. பேசுவதற்கு ஒரு மனிதக் குரல் வேண்டும் என்று வலையில் கஸ்டமர் கேர் எண் தேடினாள். கிடைத்தது ஒரு மோசடிக்காரனின் எண். "இந்த ஆப்பை இறக்குங்க மேடம்" என்றிருக்கிறான். நல்லவேளை, பணம் போகவில்லை. அந்தப் பக்கத்தில் இருந்த வாடிக்கையாளர்கள் அத்தனை பேரும் போனார்கள். என்ன சாப்பிடுகிறாள், எங்கே போகிறாள் என்று அவளைப் பற்றி அத்தனையும் தெரிந்த நிறுவனத்துக்கு, அவள் கேட்ட ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் இல்லை. ஸ்டேஷன் பெஞ்சிலாவது எதிரே ஒரு ரைட்டர் இருப்பார்.

இரண்டும் வேறு வேறு என்பீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. அவர்கள் நம்மைப் பார்க்கலாம், நாம் அவர்களைப் பார்க்கக் கூடாது. 2021இல் வாட்ஸ்அப்பில் ஒரு கட்டம் வந்ததே, புதிய கொள்கையை ஒப்புக்கொள்ளச் சொல்லி? அதை முழுக்கப் படித்து அழுத்தியவர் யார்? 2024 நவம்பரில் இந்தியப் போட்டி ஆணையம் அதற்காக வாட்ஸ்அப்பின் உரிமையாளரான மெட்டாவுக்கு 213 கோடி ரூபாய் அபராதம் போட்டது. ஒரு செயலி வழியாக ஃபேஸ்புக் பயனர்களின் தகவல்கள் தேர்தல் ஆலோசனை நிறுவனம் ஒன்றுக்குப் போன கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரத்தில், இந்தியாவில் அந்தச் செயலியைப் போட்டவர்கள் 335 பேர்தான் என்று ஃபேஸ்புக்கே சொன்னது. அவர்கள் வழியாகத் தகவல் போயிருக்கக்கூடியவர்கள் 5.62 லட்சம் பேர். யாரோ 335 பேர் தட்டிய பொத்தானுக்கு மற்றவர்கள் என்ன தப்பு செய்தார்கள்? இருப்பிடப் பதிவை அணைத்து வைத்தாலும் கூகுள் பதிந்துகொண்டே இருந்தது என்று 2018இல் வெளியே வந்தது. 40 அமெரிக்க மாநிலங்களுக்கு 39 கோடி டாலர் கொடுத்து முடித்துக்கொண்டார்கள். நம் ஊர்க்காரன் யாருக்காவது ஒரு ரூபாய் வந்ததா?

"அப்புறம் நீ ஏன் முகநூலில் எழுதுகிறாய்?" இதையும் கேட்பார்கள், தெரியும். நீங்கள் எல்லாரும் இங்கேதான் இருக்கிறீர்கள், அதனால். தெருவில் ஒரே கடை இருந்தால் அங்கேதான் வாங்க வேண்டும். வாங்குகிறேன் என்பதற்காகத் தராசைப் பார்க்கக் கூடாதா?

சட்டம் காப்பாற்றும் என்கிறார்கள். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் 9 நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். படித்தபோது உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன். ஆறு வருடம் கழித்துத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதில் அரசு அமைப்புகளுக்கு மத்திய அரசே விலக்குக் கொடுத்துக்கொள்ளலாம். அதே சட்டம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலும் கைவைத்து, தனிநபர் தகவல் என்று சொல்லி விவரம் மறுப்பதைச் சுலபமாக்கியது. நம் அந்தரங்கத்துக்கு என்று வந்த சட்டம் அவர்கள் கதவை இன்னும் இறுக்கிச் சாத்தியது. இதற்கு மேல் நான் யாரை நம்ப வேண்டும்?

அண்ணா, உங்களிடம் நேராகவே கேட்கிறேன். பாகப்பிரிவினைத் தகராறில் நீங்கள் புகார் கொடுக்கப் போனபோது தனியாகவா போனீர்கள்? வக்கீல், கட்சிக்காரர் ஒருவர், சித்தப்பா. நானும் வெளியே டீக்கடையில் நின்றேன். சான்றிதழ் தொலைந்தது என்று எழுதிக்கொடுக்கப் போனால்கூட நம் வீடுகளில் முதல் கேள்வி, "ஸ்டேஷன்ல தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?" என்பதுதானே? நம்பிக்கை இருப்பவன் ஆள் தேடிக்கொண்டா போவான்? நமக்கெல்லாம் அந்தப் பயம் இருக்கிறது. ஆள் இருப்பவர்கள் அதை வெளியே சொல்ல வேண்டியதில்லை. ஆள் இல்லாத என் அக்கா மகனைப் பார்த்து மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள். அதுதான் வலிக்கிறது. அவனும் அதைப் படித்தான். ஒன்றும் சொல்லவில்லை, "விடுங்க மாமா" என்றான்.

நான் விடப் போவதில்லை. எங்கள் எல்லைக்குட்பட்ட ஸ்டேஷனில் எத்தனை கேமராக்கள் இருக்கின்றன, எத்தனை வேலை செய்கின்றன, எத்தனை நாள் பதிவு சேமிக்கப்படுகிறது, வண்டிச் சோதனையில் போனை வாங்கிப் பார்க்க எந்தச் சட்டப் பிரிவு அதிகாரம் தருகிறது என்று கேட்டுத் தகவல் உரிமை மனு எழுதிவிட்டேன். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டியாகிவிட்டது. நாளைக் காலை ஸ்பீடு போஸ்டில் போகிறது. பதில் வந்தாலும் மறுத்தாலும் அந்தத் தாளை அப்படியே இங்கே போடுகிறேன். அதே கேள்விகளை உங்கள் ஊர் ஸ்டேஷனுக்கும் அனுப்ப விரும்புகிறவர்கள் சொல்லுங்கள், மனுவின் நகலை அனுப்பி வைக்கிறேன். அண்ணா, உங்களுக்கும்தான்.