சிக்கரி வேண்டாம் என்று மூன்று முறை சொன்னேன்

எண்ணிக்கொண்டே சொன்னேன். கடைக்குள் நுழைந்ததும் ஒரு முறை. வறுத்த காபிக் கொட்டையைக் கடைக்காரர் தராசில் கொட்டியபோது ஒரு முறை. அரைவை இயந்திரத்தின் சுவிட்சைப் போடக் கை நீட்டியபோது மறுபடியும் ஒரு முறை. மூன்று முறையும் தலையை ஆட்டினார். ஆட்டிவிட்டு, செல்பேசி அழைப்பை எடுக்க நான் வாசல் பக்கம் திரும்பிய அரை நிமிடத்தில் சிக்கரியை அள்ளிப் போட்டு அரைத்துக் கட்டிக் கொடுத்துவிட்டார்.

தருமபுரி பஸ் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில்தான் கடை. பெயர் வேண்டாம். அங்கே நடந்த பேச்சு மட்டும் இரண்டு நாட்களாக என் காதைவிட்டுப் போகவில்லை.

“சிக்கரி இல்லாவிட்டால் காபியில் திடம் இருக்காது தம்பி.”

“ஃபில்டருக்கு இல்லை அண்ணா. மோக்கா பாட்டுக்கு.”

“அது என்னது?”

“அடியில் தண்ணீர், நடுவில் பொடி. அடுப்பில் வைத்தால் உள்ளே சேரும் ஆவி, கொதிநீரைப் பொடி வழியாக மேலே தள்ளும். கிட்டத்தட்ட எஸ்பிரஸோ மாதிரி வரும்.”

“எஸ்பிரஸோவா? கல்யாண மண்டபத்தில் நுரை பொங்கக் கொடுப்பார்களே, அதுதானே? அதற்கு இன்ஸ்டன்ட் பொடியே போதுமே!”

இதை எத்தனை பேரிடம்தான் விளக்குவது? மண்டபத்தில் சீறுகிற இயந்திரம் பாலுக்குள் ஆவியை விடுகிறது. கப்பில் இன்ஸ்டன்ட் பொடியும் சர்க்கரையும், மேலே ஒரு சிட்டிகை கோகோ. எனக்கும் அது பிடிக்கும், பந்தி முடிந்து வரிசையில் நின்று குடித்தவன்தான். ஆனால் எஸ்பிரஸோ என்பது வேறு. நைசாக அரைத்த பொடியின் ஊடாகச் சுமார் 9 பார் (நம்மைச் சுற்றியுள்ள காற்றைப் போல ஏறக்குறைய ஒன்பது மடங்கு) அழுத்தத்தில் வெந்நீரைச் செலுத்தி, 25 முதல் 30 விநாடிக்குள் இறக்குகிற காபி அது. அதற்கான நல்ல இயந்திரம் வாங்கும் பணத்தில் என் விடுதிக் கட்டணத்தையே கட்டிவிடலாம். அதனால்தான் மோக்கா பாட். இத்தாலியில் 1933-ல் அல்ஃபோன்ஸோ பியாலெட்டியின் பட்டறையிலிருந்து வந்த அலுமினியப் பாத்திரம். ஒன்றரை பார் அழுத்தம் எட்டினாலே அதிகம். அசல் எஸ்பிரஸோ ஆகாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் கறுத்து, அடர்ந்து, சூடான பாலில் விட்டாலும் குணம் மாறாமல் நிற்கிற ஒரு டிகாஷன் கிடைக்கும். ஓசூரில் ஒருவரிடம் பழையது ஒன்றை 650 ரூபாய்க்கு வாங்கினேன். அதற்காக இரண்டு மாதம் மாலைச் சிற்றுண்டியை விட்டேன்.

சரி, நேற்று காலைக்கு வருகிறேன்.

எங்கள் விடுதி அறைகளில் அடுப்பு வைக்கக் கூடாது. அது நியாயமான விதி, அதில் எனக்கு வழக்கில்லை. தாழ்வாரக் கடைசியில் இஸ்திரி போடும் இடத்தில் மட்டும் ஒரு கரண்ட் அடுப்புக்கு வார்டன் அனுமதி கொடுத்திருக்கிறார். காலை ஆறரை முதல் ஏழு வரை. அந்த அரை மணி நேரத்துக்குள் முட்டை அவிப்பவர்கள், கஞ்சி காய்ச்சுபவர்கள், நான். ஒருவருக்கு எட்டு நிமிடம் என்பது எழுதப்படாத ஒப்பந்தம்.

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறது என்று, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரை முந்தைய நாள் இரவே பாட்டிலில் பிடித்து வைத்திருந்தேன். பக்கவாட்டு வால்வுக்கு ஒரு விரற்கடை கீழே நிற்கும்படி வெந்நீர் ஊற்றினேன். பொடியை அழுத்தாமல் சமமாகத் தட்டி நிரப்பினேன். திருகி மூடி அடுப்பில் வைத்தேன். மூன்று நிமிடத்தில் மேல் குழாயில் தேன் நிறத்தில் நூல் போல இறங்க வேண்டும். நாலு நிமிடம் ஆயிற்று, ஒரு சொட்டு இல்லை. ஐந்து நிமிடம் ஆயிற்று, பாத்திரம் உள்ளுக்குள் முனகியது. அடுப்புக் கம்பி செக்கச்செவேலென்று இருக்கிறது, மேலே காபி இல்லை. ஆறாவது நிமிடம் வால்விலிருந்து சீறிக்கொண்டு ஆவி வந்தது பாருங்கள், பின்னால் முட்டைச் சட்டியோடு நின்ற சீனியர் அண்ணன் சுவரோடு ஒட்டிக்கொண்டார். பாய்ந்து சுவிட்சை அணைத்தேன். பாத்திரம் ஆறக் காத்திருந்ததில் என் எட்டு நிமிடமும் போயிற்று, அந்த அண்ணனின் நாலு நிமிடமும் போயிற்று. அவர் முட்டை அவிக்காமலே வகுப்புக்குப் போனார்.

திறந்து பார்த்தால், பொடி இருந்த இடத்தில் கேழ்வரகுக் களி. விரலால் தொட்டால் ஒட்டுகிறது. காபிப் பொடி நனைந்தால் ஈர மணல் போல உதிர வேண்டும். இது பிசுபிசுவென்று அடைத்துக்கொண்டு, தண்ணீருக்கு வழியே விடாமல் நின்றிருக்கிறது.

சந்தேகம் தீர வேண்டாமா? கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து, மிச்சமிருந்த பொடியில் ஒரு சிட்டிகை மேலே தூவினேன். காபி என்றால் மிதக்கும். சிக்கரி என்றால் சில விநாடிகளில் பழுப்பு நிறத்தில் வால் விட்டுக்கொண்டு கீழே இறங்கும். இறங்கியது. ஒன்றிரண்டு துகளா? கிட்டத்தட்ட பாதி! டம்ளர் முழுக்கப் பழுப்புக் கோடுகள். அடியில் அரை விரல் உயரத்துக்குக் கலங்கல்.

இன்று மாலை பொட்டலத்தோடு கடைக்குப் போனேன். அவர் சொன்ன பதிலைக் கேளுங்கள்: “கொஞ்சம்தான் போட்டேன் தம்பி. உங்கள் நல்லதுக்குத்தான். எல்லோரும் இதைத்தான் வாங்குகிறார்கள்.”

என் நல்லதை நான் பார்த்துக்கொள்கிறேன் ஐயா! சிக்கரி என்பது வறுத்த ஒரு வேர். அதில் காபியின் கஃபீன் கிடையாது, விலையும் காபியைவிடக் குறைவு. நீங்கள் என்னிடம் வாங்கியது 200 கிராம் சுத்தக் காபிக்கான பணம். சிக்கரி கலந்த பொடியில் காபி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும், எது எத்தனை சதவீதம் என்று உறையில் அச்சிட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. உங்கள் காகிதப் பொட்டலத்தில் ஒரு எழுத்து உண்டா?

சிக்கரிமேல் எனக்குப் பகை இல்லை. எங்கள் வீட்டுப் பித்தளை ஃபில்டரில் அம்மா எண்பதுக்கு இருபது கலந்த பொடிதான் போடுகிறார். அந்தக் காபிக்கு ஈடு கிடையாது. ஆனால் அம்மா இருபது என்றால் இருபதுதான். தொப்பூர் கணவாயைத் தாண்டி, சேலம் போய், மலை ஏறினால் ஏற்காட்டில் காபி காய்த்துத் தொங்குகிறது. இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு, கலப்பில்லாத பொடி கால் கிலோ வாங்க நான் யார் காலில் விழ வேண்டும்? மாணவன் என்றால் மலிவானதைக் குடிப்பான், மலிவானதைக் குடிப்பவனுக்கு நாக்கு இருக்காது என்று இவர்களே முடிவு செய்துவிடுகிறார்கள். நான் மிச்சம் பிடிப்பது பாத்திரத்தில், சிற்றுண்டியில், பஸ்ஸுக்குப் பதில் நடப்பதில். ருசியில் இல்லை.

பணத்தைத் திருப்பித் தரவில்லை. இனிமேல் அரைத்த பொடி வாங்குவதில்லை என்று வேறொரு கடையில் 100 கிராம் கொட்டையாகவே வாங்கிவிட்டேன். கையால் சுற்றுகிற அரைவை ஒன்று வாங்க வேண்டும், அதன் விலை என் பாத்திரத்தைவிட அதிகம். அதையும் பார்த்துக்கொள்ளலாம். திரும்பி வந்து பாத்திரத்தைத் தேய்த்து, வால்வை ஊதிச் சுத்தம் செய்து, எல்லாவற்றையும் அலமாரியில் அடுக்கும்போது பார்க்கிறேன், என் எவர்சில்வர் டம்ளரைக் காணவில்லை. அம்மா பெயர் பொறித்துக் கொடுத்த டம்ளர். தேடினால் குளியலறை ஜன்னல் திட்டில் இருக்கிறது. உள்ளே சவர நுரை. நுரையில் முடி.

யார் என்று எனக்குத் தெரியும். இன்று இரவு ஒன்பது மணிக்குள் புளி போட்டுத் தேய்த்து, வெந்நீரில் கழுவி, என் மேசைமேல் வைத்துவிடு.