விழா மலருக்கு ஒரு வரலாறு

(மதுரைக்கு வடக்கே ஒரு கிராமம். மார்கழிக் கடைசி. திண்ணையில் மாமா சாய்ந்திருக்க, மருமகன் மடியில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறான். தொழுவத்தில் காளை அசைபோடுகிறது. விழா மலருக்குக் கட்டுரை சொல்லும் நாளில் வீட்டுப் பேச்சும் ஏட்டுத் தமிழிலேயே நடக்க வேண்டும் என்பது மாமாவின் உத்தரவு.)

மாமா: எழுதிக்கொள், மாப்பிள்ளை. "ஐயாயிரம் ஆண்டுகளாக இடைவிடாமல் நடந்துவரும் வீர விளையாட்டு ஜல்லிக்கட்டு."

மருமகன்: இடைவிடாமல் என்று எப்படி எழுதுவது, மாமா? 2014 மே 7-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2017 ஜனவரியில் இளைஞர்கள் மெரினாவில் இரவு பகலாக உட்கார்ந்து, அதன் பிறகு சட்டமன்றம் கூடிச் சட்டம் இயற்றும் வரை வாடிவாசல் சட்டப்படி மூடித்தானே கிடந்தது?

மாமா: மூடிக் கிடந்தது வாடிவாசல். என் மனத்தில் காளை பாய்ந்துகொண்டுதான் இருந்தது. சரி, "இடைவிடாமல்" என்பதை அடித்துவிடு. ஐயாயிரத்தில் கை வைக்காதே. மொகஞ்சதாரோவில் கிடைத்து இன்று தில்லி தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கும் முத்திரையே அதற்குச் சாட்சி.

மருமகன்: அந்த முத்திரையின் படத்தை நானும் உற்றுப் பார்த்திருக்கிறேன். ஒரு எருது தலையைத் தாழ்த்தி நிற்கிறது; அதைச் சுற்றி மனிதர்கள் ஆளுக்கொரு திசையில் அந்தரத்தில் பறக்கிறார்கள். ஒருவர்கூடத் திமிலைப் பிடித்திருப்பதாகத் தெரியவில்லை.

மாமா: அதனால் என்ன? "மாடு வெற்றி" என்று ஒலிபெருக்கியில் அறிவித்திருப்பார்கள். நம் காளையின் பரம்பரையாக இருக்கும்.

மருமகன்: 2023 மே 18-ஆம் தேதி தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, இந்த விளையாட்டு தமிழ்நாட்டில் சில நூற்றாண்டுகளாவது நடந்துவருகிறது என்பதை ஏற்றுக்கொண்டது. ஆனால் அது பண்பாட்டின் பிரிக்க முடியாத கூறா என்பதை ஆராய்வது தன் வேலையல்ல என்று ஒதுங்கி, சட்டமன்றம் எடுத்த முடிவை மட்டும் ஏற்றது.

மாமா: நாம் ஐயாயிரம் கேட்டோம், அவர்கள் சில நூறு கொடுத்தார்கள். மாட்டுச் சந்தையில் பேரம் என்றால் அப்படித்தான் இருக்கும். கலித்தொகை ஒன்று போதாதா? கொல்லும் ஏற்றின் கொம்புக்கு அஞ்சுகிறவனை ஆயர்குலப் பெண் மறுபிறப்பில்கூடத் தழுவமாட்டாள் என்று அதில் இருக்கிறதே!

மருமகன்: இருக்கிறது. அத்தையை மணப்பதற்கு நீங்கள் எந்தக் காளையைத் தழுவினீர்கள் என்று ஒரு வரி சேர்த்துவிடலாமா?

மாமா: உன் அத்தையின் தகப்பனாரை எதிர்கொண்டேன். அவரைப் பார்த்தவர்கள் காளையைப் பற்றிப் பேசமாட்டார்கள். மேலே போ.

மருமகன்: சேலம் அருங்காட்சியகத்தில் ஒரு நடுகல் இருக்கிறது, மாமா. கருவந்துறையிலே எருது விளையாடிப் பட்டான் சங்கன் என்றும், அவன் மகன் பெரிய பயல் அந்தக் கல்லை நட்டான் என்றும் அதில் வெட்டியிருக்கிறார்கள். ஐயாயிரம் ஆண்டுப் பெருமையை விட அந்த ஒரு கல்தான் என்னை உலுக்குகிறது. எத்தனை வெற்றி, என்ன பரிசு என்று எதுவும் இல்லை. விளையாடினான், இறந்தான், மகன் கல் நட்டான், அவ்வளவுதான்.

மாமா: அந்த எருது யாருடையது என்று கல்லில் போட்டிருக்கிறார்களா?

மருமகன்: இல்லை.

மாமா: பார்த்தாயா, மாட்டுக்காரனுக்கு அன்றைக்கே மரியாதை இல்லை! அதனால்தான் பின்னால் வந்தவர்கள் கொம்பில் சல்லிக்காசைத் துணியில் முடிந்து கட்டி, பிடித்தவன் எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்தார்கள். சல்லிக்கட்டு என்ற பெயர் அப்படி வந்ததுதான். இப்போது பீரோவும் கட்டிலும் காரும் கொடுக்கிறார்கள். நல்ல வேளை, அவற்றைக் கொம்பில் கட்டச் சொல்லவில்லை.

மருமகன்: அடுத்த பத்தி வதையைப் பற்றியது.

மாமா: அப்படி ஒரு பத்தியே கிடையாது. காளை எனக்குப் பிள்ளை மாதிரி.

மருமகன்: 2014 தீர்ப்பில் வாலை முறுக்குவது, கண்ணில் மிளகாய்ப்பொடி தூவுவது, சாராயம் புகட்டுவது என்றெல்லாம் சொல்லியிருக்கிறார்களே? அதற்கு மூன்று ஆண்டுகள் முன்னதாகவே, 2011-இல், மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் காட்சிக்குப் பழக்கக் கூடாத விலங்குகளின் பட்டியலில் கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கத்தோடு காளையையும் சேர்த்துவிட்டது.

மாமா: சிங்கத்தோடு சேர்த்தார்கள் என்பதைப் பெருமையாக எழுது. மற்றவை எல்லாம் பக்கத்து ஊர்க்காரர்கள் செய்தவை.

மருமகன்: பக்கத்து ஊரிலும் நம் ஊரைத்தான் கை காட்டுகிறார்கள்.

மாமா: சரி, எழுது: "முன்னொரு காலத்தில் சிலர் செய்த தவறுகள் இன்று கால்நடை மருத்துவரின் பரிசோதனையால் தடுக்கப்படுகின்றன." அந்த மருத்துவர் போன ஆண்டு நம் காளையின் பல்லையும் கண்ணையும் கொம்பையும் பார்த்துவிட்டு முழு உடல்தகுதிச் சான்று கொடுத்தார். பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்து, ஐயா, உங்களுக்கும் ஒரு பரிசோதனை தேவைப்படுகிறது என்றார். அதை எழுத வேண்டாம்.

மருமகன்: எழுதவில்லை. அடுத்தது?

மாமா: "சாதி வேறுபாடின்றி அனைவரும் தோளோடு தோள் நின்று மகிழும் சமத்துவத் திருவிழா." ஏன் பேனாவை மூடுகிறாய்?

மருமகன்: மை தயங்குகிறது, மாமா. அவனியாபுரத்தில் விழாவை நடத்துவது யார் என்ற சச்சரவு முற்றி, 2020-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரின் தலைமையில் குழு அமைக்க வேண்டியிருந்தது. காளையை அடக்குவதற்குத் திமிலைப் பிடித்து மூன்று துள்ளல் தாங்கினால் போதும். முதல் மரியாதைத் துண்டு யாருக்கு என்பதை அடக்க நீதிபதியாலும் முடிவதில்லை.

மாமா: துண்டு என்றால் துண்டு மட்டுமா? அது நான்கு தலைமுறை.

மருமகன்: அந்த நான்கு தலைமுறையும் கிழக்குத் தெருக்காரர்கள் எங்கே நின்றார்கள்? காளைக்கு முன்னே பறை அடித்துக்கொண்டு வரலாம், களத்தைச் சுத்தம் செய்யலாம், ஆனால் மாட்டின் மேல் கை வைக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு இருந்ததாக உங்கள் தகப்பனாரே எனக்குச் சொல்லியிருக்கிறார்.

மாமா: அது அவர் காலம். இப்போது யார் தடுக்கிறார்கள்?

மருமகன்: போன ஆண்டு நம் காளையை மூன்று துள்ளலும் விடாமல் பிடித்தவன் கிழக்குத் தெருப் பையன். காளைக்குக் கால் வழுக்கிவிட்டது என்று விழாக் குழுவிடம் நீங்கள் ஒரு மணி நேரம் வாதாடினீர்கள்.

மாமா: வழுக்கியது உண்மை.

மருமகன்: வழுக்கக் கூடாது என்றுதான் களம் முழுவதும் தேங்காய் நார் பரப்புகிறார்கள். அதற்கு முந்தைய ஆண்டு சொந்தக்காரப் பையன் பிடித்தபோது, "பிடித்தாலும் என் காளையைப் பிடித்தவன் சிங்கம்" என்று நீங்களே துண்டு போர்த்தினீர்களே?

(மாமா தொழுவத்தைப் பார்க்கிறார். காளை இவரைப் பார்க்கவில்லை.)

மாமா: "சமத்துவத் திருவிழா" என்பதற்குப் பதிலாக "சமத்துவத்தை நோக்கி நடைபோடும் திருவிழா" என்று போடு.

மருமகன்: நடையா, ஓட்டமா?

மாமா: நடை. மூட்டுவலி உள்ள நடை. போதுமா? கட்டுரை கிடக்கட்டும், இணையப் பதிவுக்கு நாளை கடைசி நாள். காளையும் உரிமையாளரும் சேர்ந்து நிற்கும் படம் கேட்கிறார்கள். காலையிலிருந்து நான்கு முறை பக்கத்தில் போய் நின்றேன். நான்கு முறையும் வைக்கோல் போரில்தான் ஏறினேன்.

மருமகன்: பதிவை முடித்துவிட்டேன், மாமா. அத்தை ஒரு குரல் கொடுத்தார்; கன்றுக்குட்டி மாதிரி வந்து அவர் தோளில் மோவாயை வைத்துக்கொண்டு நின்றது. முதல் படமே சரியாக விழுந்தது. பருத்திக்கொட்டை ஆட்டி வைப்பதும், மண் குத்தப் பழக்குவதும், காய்ச்சல் வந்தால் இராத்திரி விழித்திருப்பதும் அத்தைதானே என்று உரிமையாளர் பெயரிலும் அவரையே போட்டுவிட்டேன்.

மாமா: அடப்பாவி! நான்கு தலைமுறையாக என் வீட்டு ஆண்களின் பெயரைச் சொல்லித்தானே வாடியில் மூக்கணாங்கயிற்றை அறுத்தார்கள்?

மருமகன்: இந்த ஆண்டு அத்தையின் பெயரைச் சொல்லி அறுப்பார்கள்.

மாமா: சொல்லட்டும். அவள் பெயருக்குப் பின்னால் இன்னாருடைய மனைவி என்று என் பெயரையும் சேர்த்து அறிவிக்க ஏற்பாடு செய்.

மருமகன்: செய்யலாம். ஆனால் கயிறு அறுந்ததும் நம் காளை நிற்காது. அத்தையின் பெயர் முடிந்து உங்கள் பெயர் தொடங்குவதற்குள் அது களத்தைத் தாண்டிப் போயிருக்கும்.

மாமா: அப்படியானால் கொஞ்சம் நின்று விளையாடிவிட்டுப் போகும்படி அதனிடம் சொல்லிவைக்க முடியுமா என்று உன் அத்தையைக் கேட்டுப் பார். நான் கேட்டதாகச் சொல்லாதே.